அம்மாவிடம் நீதான் பேச வேண்டும்

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். இந்த வருஷம் மா காய்ப்பு சுமார். முல்லை விலை ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் படுத்துவிடுகிறது. மைக் மாமா பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மைக் செட்டுக்கு வெளியூரில் ஆள் பேசியிருக்கிறார்களாம், மாமா இன்னும் சாப்பிடவில்லை. உன் எலந்தை வடைப் பாக்கி அப்படியே நிற்கிறது, வட்டியோடு வசூலிப்பேன். அவ்வளவுதான் ஊர்க்கதை. போனில் சொன்னால் பாதியில் "டியூட்டிக்கு நேரமாச்சுடி" என்று வைத்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் போடுவார்களே, இந்த வருஷம் மகளிர் குழு சார்பில் என்னை முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். புயல் வந்தால் நம் ஊரில் யாரை, எப்போது, எங்கே கூட்டிப்போவது என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். கொடுத்த படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர், ஆட்கள் எத்தனை, கூரை வீடா ஓட்டு வீடா மாடியா, அவ்வளவுதான் இருந்தது. நான் ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டேன்: "கஜாவுக்கு ஏன் வரவில்லை?" வீடு வீடாகப் போய் இதைக் கேட்டேன். கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

2018 நவம்பர், கஜாப் புயல், உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ திருச்சியில் இருந்தாய், லைன் கிடைக்காமல் தவித்தாய். புயல் கரைக்கு வருவதற்கு முன்பே டெல்டா மாவட்டங்களில் 80,000க்கும் மேற்பட்டவர்களை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் நம் கரையோரத்தில் எத்தனை வீட்டில் இன்று விளக்கேற்ற ஆளிருக்காது. ஆனால் போகாதவர்களும் இருந்தார்களே, அவர்களை நாம் என்ன சொன்னோம்? பிடிவாதக்காரர்கள், சொன்னால் கேட்காதவர்கள், அறிவில்லாதவர்கள். இப்போது உட்கார்ந்து கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. ஒன்றுகூட அறிவில்லாத காரணம் கிடையாது.

மேலத்தெரு பெரியம்மாவை எடுத்துக்கொள். அன்றைக்குப் பசு சினையாக இருந்தது. வேனில் ஆளை ஏற்றுவார்கள், மாட்டை ஏற்றுவார்களா? "அவிழ்த்துவிட்டுட்டு வாங்க" என்றார்கள். அதை விற்றால்தான் பேரனுக்குக் காலேஜ் ஃபீஸ், எப்படி அவிழ்த்துவிட்டு வருவாள்? ராத்திரி முழுக்கத் தொழுவத்திலேயே மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பிழைத்தது அவள் ஆயுசு. ஆக, பெரியம்மாவை மைக்கில் நூறு தடவை கூப்பிட்டாலும் வர மாட்டாள். மாட்டுக்கு ஒரு இடம் காட்டினால் நானே வேண்டாம், தானே நடந்து வந்துவிடுவாள். வங்காளதேசத்தில் கடலோர ஊர்களில் ஆடுமாடு நிற்பதற்கென்றே மண்ணை மேடாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள், 'கில்லா' என்கிறார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். நமக்கு மண் கொட்டக்கூட வேண்டாம், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மணல்மேடு போதும். வைக்கோல் இரண்டு கட்டு முன்னாலேயே போட்டு வைத்து, முதல் நாளே ஓட்டிப்போக நாலு பையன்களைச் சொல்லி வைத்துவிட்டால் தெருவில் பாதிப் பேர் அசைந்துவிடுவார்கள்.

வடக்குத் தெருவில் ஒரு அண்ணன். வயசுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர். முகாம் போடுகிற பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கரண்ட் போனால் கும்மிருட்டு, நாலு ஊர் ஜனம் ஒரே ஹாலில். "பிள்ளைகளை அங்க எப்படிம்மா படுக்க வைக்கிறது?" என்கிறார். என்ன பதில் சொல்வேன் சொல்லு? ஒரு தாழ்ப்பாள் என்ன விலை விற்கிறது? அந்தத் தாழ்ப்பாள் இல்லாததால் ஒரு குடும்பமே கூரை வீட்டில் உட்கார்ந்து உயிரைப் பணயம் வைத்திருக்கிறது. இதை நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது எனக்கு. கூட்டத்தில் எழுந்து இதைத்தான் சொன்னேன். நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். இந்த வாரம் தாழ்ப்பாள் போட்டாயிற்று. பெண்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தனி வகுப்பறை என்று எழுதி ஒட்டியாயிற்று. சார்ஜ் விளக்கு குழுப் பணத்தில் வாங்கிவிட்டோம்.

கடற்கரைத் தெருக்காரர்கள் படகைப் பத்திரப்படுத்தாமல் நகர மாட்டார்கள். நகரவும் கூடாது, என் கட்சி அதுதான். ஃபைபர் படகும் இஞ்சினும் வலையும் போனால் அந்த வீடு பத்து வருஷத்துக்கு எழுந்திருக்காது. அதனால் அவர்களுக்கு முதலில் போக வேண்டியது வேன் அல்ல, டிராக்டர். படகை மேலே இழுத்துக் கட்ட முதல் நாளே டிராக்டர் வந்துவிட்டால், மறுநாள் ஆட்கள் தாமாக வருவார்கள்.

நேரக் கணக்குதான் உயிர்க் கணக்கு என்று இப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிகிறது. வானிலைத் துறை கரையோரத்தில் மோசமான வானிலை வருவதற்கு 48 மணி நேரம் முன்னால் ஓர் எச்சரிக்கை கொடுக்கும், 24 மணி நேரம் முன்னால் அடுத்தது, கரையேறுவதற்கு 12 மணி நேரம் முன்னால் கடைசி. கஜா கரையைத் தொட்டது நடுராத்திரிக்கு மேல். ஆனால் "நடுராத்திரிதானே, எட்டு மணிக்குக் கிளம்பலாம்" என்று இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். புயல் கரையேறும் நேரம் ஒன்று, சாலை மூடும் நேரம் வேறு. ஒரு புளியமரம் குறுக்கே விழுந்தால் போதும், அதற்கு மேல் வேனுக்கு வழியில்லை. அதனால் நாங்கள் பின்னாலிருந்து எண்ணி எழுதியிருக்கிறோம். 48 மணி எச்சரிக்கையில் படகும் மாடும். 24 மணியில் கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தைகள், கூரை வீட்டுக் கிழவர்கள். மற்ற எல்லோரும் புயல் கரையேறும் நாளன்று மதியச் சாப்பாட்டுக்குள். இருட்டிய பிறகு யாரையும் வெளியே இழுப்பதில்லை. அப்போது மிஞ்சியவர்களுக்குத் தெருவிலேயே எது உறுதியான மாடி வீடு, சாவி யாரிடம் என்று குறித்து வைத்திருக்கிறோம். நடுவில் காற்று சட்டென்று நின்று அமைதியானால் வெளியே வரவே கூடாது என்பதையும் சின்னப்பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் சொல்லி வருகிறோம். அது புயலின் கண் கடக்கிற நேரம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், ஓட்டைப் பார்க்க வெளியே வந்தவன் அதில்தான் சிக்குவான்.

பட்டாளத்துத் தாத்தா கதையைக் கேள். படுக்கையில்தான் இருக்கிறார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "அம்பத்திரண்டாம் வருஷப் புயலைப் பார்த்தவன், எழுபத்தேழாம் வருஷப் புயலைப் பார்த்தவன், என்னை எவன்டா தூக்குறது?" என்று ஆரம்பித்தார். மூட்டை மாதிரி நாலு பேர் தூக்கிப் போவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நான் கேட்டேன்: "தாத்தா, நீங்க முதல் வண்டியில முன் சீட்டுல உட்கார்ந்து போனா, மத்த கிழவனெல்லாம் பின்னாடி வருவான். போவீங்களா?" ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்தார். அப்புறம், "வண்டி எத்தனை மணிக்கு?" என்றார். தச்சரிடம் சொல்லி நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கம்பு கோக்க வளையம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்தபடியே போவார்.

இறால் பண்ணைகளில் வேலை செய்கிற வடமாநிலப் பையன்களை எந்தப் பட்டியலிலும் காணோம். ரேஷன் அட்டை இங்கே இல்லை, அதனால் ஆளே இல்லாத கணக்கு. குட்டையோரத் தகரக் கொட்டகையில் படுத்திருக்கிறார்கள். மைக்கில் தமிழில் கத்தினால் அவர்களுக்கு என்ன புரியும்? அதில் ஒரிசாப் பையன் ஒருவன், அரைகுறைத் தமிழில் எனக்கே பாடம் எடுத்தான். அவன் ஊரில் குழந்தைகள்கூடப் புயல் மையத்துக்கு வழி சொல்லுமாம். 1999இல் அங்கே பெரும்புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013இல் ஃபைலின் வந்தபோது 10 லட்சம் பேர் அளவுக்கு முன்கூட்டியே நகர்த்தினார்கள்; சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. 2019இல் ஃபானிக்கு 12 லட்சம் பேர். எப்படித் தம்பி எல்லோரும் கிளம்புகிறார்கள் என்று கேட்டேன். "கூப்பிடறது எங்க ஊர் ஆளு அக்கா" என்றான். வங்காளதேசத்திலும் அதே கதைதான். 1970இல் ஒரே புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் போனார்கள். அதற்குப் பிறகு ஊர்த் தொண்டர்களைத் திரட்டினார்கள். இன்று 70,000க்கு மேல் இருக்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள். பெண் வந்து கூப்பிட்டால்தான் வீட்டுக்குள் இருக்கிற பெண் வெளியே வருவாள் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பையனையே அவன் கூட்டத்துக்குப் பொறுப்பாளனாகப் போட்டுவிட்டேன். விஏஓவும் சரி என்றுவிட்டார்.

நம் ஊரில் 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் நாம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அன்று சொல்ல ஒருவருமில்லை, ஓடத்தான் கால் இருந்தது. இன்று நாலு நாள் முன்னாலேயே டி.வி., போன், ஆட்டோ மைக் எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. சொன்ன பிறகும் ஒருவர் சாகிறார் என்றால் அது எனக்குத் தாங்கவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020 நிவரில் கூட்டிப்போய் உட்கார வைத்தோம், அது வடக்கே மரக்காணம் பக்கம் போய்விட்டது. "போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க" என்கிறார்கள். அதற்கு நான் சண்டை போடுவதில்லை. வராமல் போனால் சந்தோஷம்தானே, ஒரு ராத்திரி சேர்ந்து சாப்பிட்டுத் திரும்புவோம் என்கிறேன். அந்த ராத்திரி சோறு சூடாக இருக்க வேண்டும், கொசு கடிக்கக் கூடாது, வீட்டில் ஒரு சாமானும் தொலையக் கூடாது. இது மூன்றும் சரியாக இருந்தால் அடுத்த தடவையும் வருவார்கள்.

சரி, இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். உன் அம்மா வர மாட்டேன் என்கிறார்கள்.

உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தெரியும். "அம்மா பிடிவாதம்" என்று நீயும் விட்டுவிடுவாய். முதல் தடவை போனபோது "இந்த வீட்டை விட்டு எங்கேடி போறது" என்றார்கள். இரண்டாம் தடவை "அண்ணி வீட்டில் இருந்துக்கிறேன்" என்றார்கள். அத்தை வீட்டு ஓடு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்கே தெரியும். அடுத்த தடவை பேச்சு எதையும் எடுக்காமல் சும்மா உட்கார்ந்து முல்லை கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். முழங்கால் மடங்கவில்லை. முகாமில் இருப்பது கீழே குந்துகிற கழிப்பறை. கஜாவுக்கு வந்தபோது யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். "அந்த அவமானத்துக்கு வீட்டோட போயிடலாம்" என்றார்கள். டீச்சராக இருந்து ஊரையே அதட்டி வளர்த்த மனுஷி, அப்படிச் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

இதை உனக்கு எழுதியதாக அவர்களிடம் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய். முழங்காலைப் பற்றிப் பேசாதே. "முகாமில் மருந்து மாத்திரை பார்த்துக்க ஆள் தேவையாம், நீ இருந்தா எனக்கு நிம்மதி" என்று வேலையாகச் சொல்லு. வேலை என்றால் கிளம்புவார்கள், உனக்குத் தெரியாததா?

அப்புறம் நீ எனக்கு இரண்டு காரியம் செய்து தர வேண்டும். ஒன்று, நர்ஸ் கண்ணால் ஒரு பட்டியல். கர்ப்பிணிகளின் பிரசவத் தேதி கிராமச் செவிலியரிடம் இருக்கிறது, அதை வாங்கிவிட்டேன். ஆனால் கரண்ட் போனால் இன்சுலினை எப்படி வைப்பது, டயாலிசிஸ்காரர்களை எத்தனை நாள் முன்னால் நகரத்துக்கு அனுப்புவது, வலிப்பு மாத்திரை, இழுப்புக்காரர்கள் இதெல்லாம் நீதான் எழுத வேண்டும். கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், அதை மனசில் வைத்து எழுது.

இரண்டாவது, தீபாவளிக்கு வரும்போது கழிப்பறைக்கு மேலே வைக்கிற கமோடு நாற்காலி இரண்டு வாங்கி வா, குழுக் கணக்கில் பணம் தருகிறேன். அம்மாவுக்கென்று கொண்டுவராதே, முகாமுக்கென்று பள்ளிக்கூடத்தில் நேராக இறக்கிவிடு. நம் ஊரில் முழங்கால் மடங்காதவர்கள் உன் அம்மா ஒருவர் மட்டுமில்லை. பஸ்ஸில் ஏற்ற விட மாட்டார்கள், சரக்கு வேனில் போட்டுவிடு. வேதாரண்யத்தில் நானே போய் எடுத்துக்கொள்கிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுத் தோழி