இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. மதிப்பீட்டு அறிக்கைகள் இந்நேரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். குழந்தைகள் தின விழாவும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியும் சிறப்பாக நடந்தன. நூலகத்துக்குப் புதிய தமிழ்ப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நான்காம் வகுப்பு ஏற்காடு போய் வந்தது. பங்கெடுத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் வாழ்த்துகள்.

ஐந்தாம் வகுப்புக் கண்காட்சி பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. மற்ற வகுப்புப் பெற்றோரும் தயவுசெய்து படியுங்கள். உங்கள் பிள்ளைகளும் ஐந்தாம் வகுப்புக்கு வரத்தான் போகிறார்கள்.

நாம் பின்பற்றும் பாடத்திட்டம் ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலரியேட் அமைப்பினுடையது. இந்த அமைப்பு 1968-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்டது. வேலை காரணமாக நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எங்கே போனாலும் செல்லுபடியாகும் ஒரு படிப்பு வேண்டும் என்ற தேவையிலிருந்து அது பிறந்தது. சிறு பிள்ளைகளுக்கான தொடக்கநிலைத் திட்டம் 1997-இல் வந்தது. அதன் கடைசி ஆண்டில்தான் இந்தக் கண்காட்சி. பிள்ளைகள் தாங்களே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, கேள்வி கேட்டு, ஆட்களைப் பார்த்துப் பேசி, செய்து பார்த்து, கண்டதை மற்றவர்கள் முன்னால் வைக்க வேண்டும். அழகுப் போட்டி நடத்துவது இதன் நோக்கமே அல்ல.

இந்த ஆண்டு ஒரு குழு ஜவ்வரிசியை எடுத்துக்கொண்டது. சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. ஆத்தூர், தலைவாசல் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைகள்தான், களத்தில் வெள்ளையாகக் காயும் மாவுதான். ஆனால் இவ்வளவு செய்தும் நம் வீடுகளில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் தவிர ஜவ்வரிசியை எத்தனை பேர் வாங்குகிறோம்? பிறகு யார்தான் சாப்பிடுகிறார்கள்? பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். மகாராஷ்டிரத்திலும் வட மாநிலங்களிலும் விரத நாட்களில் கிச்சடியாகச் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளம்பின. ஜவ்வரிசி செய்யும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நம் ஊர்ப் பயிரா? இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இன்று உலகிலேயே அதை அதிகம் விளைவிக்கும் நாடு எது? நைஜீரியா. சேலத்தில் இந்தத் தொழில் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனபோது, இங்கே கிழங்கிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் உற்பத்தியாளர்கள் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உலகளாவிய பார்வை என்று பள்ளிக் கையேட்டில் நாங்கள் எழுதியிருப்பது இதைத்தான். வெளிநாட்டுக் கொடிகளை வகுப்பறையில் கட்டி வைப்பதால் அது வந்துவிடாது. தன் ஊர்க் களத்தில் காயும் ஒரு பொருள் எந்தக் கண்டத்திலிருந்து வந்தது, யார் கையால் உருவாகிறது, எந்த வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை தானாகக் கேட்கப் பழகுவதால் வருகிறது. ஏற்காட்டுக்குப் போன நான்காம் வகுப்பும் இப்படித்தான் பார்த்தது. அங்கே காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், அதில் படர்ந்திருக்கும் மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையுடையது, அடியில் பழுத்திருக்கும் அராபிகா எத்தியோப்பியாவிலிருந்து வந்தது. மூன்று கண்டங்கள் ஒரே தோட்டத்தில். இதைப் பாடமாக எழுதிக் கொடுத்தால் ஒரு பக்கம், அவ்வளவுதான். நேரில் பார்த்து, தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

சரி, இப்போது சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கண்காட்சியில் வைக்கப்பட்டவற்றில் கணிசமானவை பிள்ளைகள் செய்தவை அல்ல. தெர்மோகோலில் அறுத்து, விளக்குப் போட்டு, ஃப்ளெக்ஸில் அச்சடித்து வந்த மாதிரிகள் கடையில் காசு கொடுத்துச் செய்யப்பட்டவை. சில கட்டுரைகள் சாட்ஜிபிடியில் எடுத்து அப்படியே ஒட்டப்பட்டவை. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் 'இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதணும்?' என்று இரவு பத்து மணிக்குப் பெற்றோர் கேட்க, இன்னொரு பெற்றோர் முழுப் பதிலையும் அனுப்ப, மறுநாள் காலை பல நோட்டுகளில் ஒரே வாக்கியம் வருகிறது.

ஏன் செய்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து மேசையில் மின்னும் மாதிரியைப் பார்த்து நம் பிள்ளை தலைகுனிந்துவிடுமோ என்ற பயம். வேலை முடிந்து வந்து, மறுநாள் கொடுக்க வேண்டியதை இரவோடு இரவாக முடிக்க வேண்டிய நெருக்கடி. எல்லாம் பாசத்தில் செய்வதுதான்.

ஆனால் அன்று நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பளபளவென்று சேகோ ஆலை மாதிரி வைத்திருந்த பிள்ளையிடம், கிழங்கு அரைத்த தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று ஒரு பெரியவர் கேட்டார். பிள்ளை அட்டையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, பேசவில்லை. இரண்டு மேசை தள்ளி இன்னொரு பிள்ளை. கோணல்மாணலான கையெழுத்து, ஒரு கண்ணாடி ஜாடி, அவ்வளவுதான். வீட்டில் பாட்டியோடு சேர்ந்து கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, பால் தெளியும்வரை காத்திருந்து அடியில் தங்கிய மாவைக் காய வைத்திருந்தது. ஒரு கிலோ கிழங்குக்கு ஒரு டம்ளர் மாவுகூட வரவில்லை என்று வருத்தப்பட்டு, அப்படியானால் ஆலையில் ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு எவ்வளவு கிழங்கு போடுவார்கள் என்று விசாரித்திருக்கிறது. நான்கைந்து கிலோ வேண்டும் என்று தெரிந்ததும் விகிதக் கணக்கைத் தானே போட்டது. விவசாயிக்குக் கிழங்கு விலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் அதற்குப் புரிந்துவிட்டது. அப்புறம் வந்தவர்களிடமெல்லாம் கேள்வி கேட்க ஆரம்பித்தது: ஜவ்வரிசி இவ்வளவு வெள்ளையாக இருந்தே ஆக வேண்டுமா, வெளுப்பாக்க ரசாயனம் சேர்ப்பதை அதிகாரிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று. இதில் எந்தப் பிள்ளை படித்திருக்கிறது என்பதற்கு மதிப்பெண் பட்டியல் தேவையில்லை.

முதல் பிள்ளை இரண்டாவது பிள்ளைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அதற்கு வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. இதை நான் பொறுத்துக்கொள்ள முடியாது.

எனவே அடுத்த பருவம் முதல் கடையில் செய்து வாங்கிய மாதிரிகள் காட்சிக்கு வைக்கப்படாது. கண்காட்சிக்கான வேலைகளில் பெரும்பகுதி பள்ளி நேரத்திலேயே, ஆசிரியர் கண்முன் நடக்கும். ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் தேடலின் படிகள் இருக்க வேண்டும். தப்பாகப் போனதும் அடித்து எழுதியதும் உட்பட. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பதில்களைப் பகிர வேண்டாம். இதில் விதிவிலக்கு கிடையாது. காரணமும் இருக்கிறது. இதே பாதையில் போகும் பிள்ளைகள் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் ஐ.பி. டிப்ளமோ படிக்கும்போது 4,000 சொற்கள் வரை ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அங்கே அடுத்தவர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தது உறுதியானால் அதற்கு மதிப்பீடே கிடையாது, டிப்ளமோவே கைநழுவிப் போகும். பத்து வயதில் பழகாத நேர்மை பதினேழு வயதில் திடீரென்று வராது.

'இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் நீட், ஜேஇஇக்கு என்ன செய்வது?' என்று சந்திப்புக் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கவலை. வாய்ப்பாடும் எழுத்துப்பிழை திருத்தமும் நம் வகுப்பில் குறையவே இல்லை, குறையவும் விடமாட்டோம். எந்தத் தேர்வுக்குப் போனாலும் தெரியாத கணக்கைப் பார்த்ததும் பதறாமல், 'எனக்கு இதில் எதுவரை தெரியும்?' என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பலம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. பிள்ளையைச் சந்தைக்கும் பட்டறைக்கும் கூட்டிப் போங்கள். வீட்டில் தமிழிலேயே பேசி விவாதியுங்கள். எந்த மொழியில் யோசித்தாலும் யோசனை யோசனைதான், தாய்மொழியை இந்தப் பாடத்திட்டமும் மதிக்கிறது. தெரியாத கேள்வி வந்தால் 'எனக்கும் தெரியலை, யாரைக் கேட்கலாம்?' என்று சொல்லுங்கள். ஆணியடிக்க, கத்தி பிடிக்க, சூடான பாத்திரத்தைத் தூக்கக் கை கொடுங்கள். எழுதுவதையும் முடிவு சொல்வதையும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

இந்தப் பருவத்தில் தங்கள் ஆலையைத் திறந்து பிள்ளைகளைச் சுற்றிக் காட்டிய பெற்றோருக்கும், கொலுசுப் பட்டறையில் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொன்ன தாத்தாவுக்கும், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வழிகாட்டியாக வந்த அப்பா அம்மாக்களுக்கும், ஏற்காட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நிதானமாக வண்டி ஓட்டிய ஓட்டுநர்களுக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தப் படிப்பை எங்களால் நடத்த முடியாது.

பள்ளி திறக்கும் நாள் பிள்ளைகளின் டைரியில் இருக்கிறது. இந்தக் கடிதம் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு எந்த நாளும் மாலையில் வரலாம். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பேசுவோம். அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்