எந்தப் படகு என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

பந்தயப் படகுக் குழுவில் சேர்வதா, பேட்டரியில் ஓடும் பயணிகள் படகு கட்டும் அந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்வதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் ஹைட்ரோஃபாயில் படகுதான்: அடியில் இருக்கும் இறக்கை, ஓடும்போது படகின் உடலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பயணிகள் படகுக்குப் போ. நானும் வாழ்நாளெல்லாம் கப்பல் வடிவமைத்தவன் என்பதால், காரணத்தையும் கேட்டுக்கொள்.

பந்தயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2013 அமெரிக்கா கோப்பையில் அவ்வளவு பெரிய பாய்மரப் படகுகள் தண்ணீரை விட்டு எழும்பி ஓடியதைப் பார்த்துத்தான் எத்தனையோ இளைஞர்களுக்கு ஹைட்ரோஃபாயில் மேல் ஆசை பிறந்தது. உனக்கும் அப்படித்தான். ஆனால் அந்தப் படகில் ஏறுகிறவர்கள் பயிற்சி பெற்ற வீரர்கள். அவர்கள் எடை முன்பே தெரியும். காற்று அளவு மீறினால் போட்டியையே தள்ளிவைத்துவிடுவார்கள்.

பயணிகள் படகில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஒரு நடைக்குப் படகு நிறைய ஆள், அடுத்த நடைக்குப் பத்துப் பேர். கரையில் ஏதாவது தெரிந்தால் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் சின்ன இறக்கை இத்தனை பேரையும் தூக்கி நிறுத்துகிறது. அதே காரணத்தால் இறக்கையின் கோணம் துளி பிசகினாலும் உள்ளே இருப்பவர்களைத் தூக்கிப்போடும். வேகம் இரண்டு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும். அதை அடக்காவிட்டால் இறக்கை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும், தூக்குவிசை சட்டென்று போய்விடும், படகு தொப்பென்று விழும். பந்தயத்தில் அதனால் ஒரு சுற்றுப் போகும். இங்கே ஒரு குழந்தையின் முன்பல் போகும்.

எழும்பும் நேரத்தை மறந்துவிடாதே. எழும்புவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரின் தடை உச்சத்தில் இருக்கும். படகின் உடலும் தண்ணீரில், இறக்கையும் தண்ணீரில். அந்த மேட்டைத் தாண்டும் அளவுக்கு மோட்டாருக்கு வலு வேண்டும். அதற்காகப் பேட்டரியைக் கூட்டினால் எடை கூடும். எடை கூடினால் எழும்பத் தேவையான வேகமும் கூடும். இருக்கை, கதவு, கழிப்பறை என்று ஒவ்வொரு கிலோவுக்கும் நீ சண்டை போட வேண்டியிருக்கும். போடு.

சோவியத் கப்பல் வடிவமைப்பாளர் ரோஸ்திஸ்லாவ் அலெக்ஸேயெவ் 1941-இல் மாணவராக இருந்தபோதே ஹைட்ரோஃபாயில் கப்பலைத்தான் பட்டத்துக்கான திட்டமாக எடுத்தார். அவருடைய 'ராக்கெட்டா' என்ற பயணிகள் படகு வோல்கா நதியில் ஓடியது 1957-இல். கோர்க்கி நகரிலிருந்து (இன்றைய நீஷ்னி நோவ்கோரத்) கசான் நகர் வரை 420 கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் கடந்தது. இடையில் 16 ஆண்டுகள், அதில் ஒரு பெரும் போர் வேறு. ஆனால் நான் அவரிடம் வியப்பது பொறுமையை மட்டுமல்ல. இறக்கை நீர்மட்டத்தை நெருங்க நெருங்க அதன் தூக்குவிசை தானே குறையும் என்பதைப் பிடித்துக்கொண்டு, படகு தானாகவே ஓர் உயரத்தில் நிலைகொள்ளும்படி செய்தார். சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. பெரிய கடல் அலைக்கு அது சரிவராது, நதிக்குப் போதும். தன் படகு எந்தத் தண்ணீரில் ஓடப்போகிறது என்பதிலிருந்து அவர் தொடங்கினார். நீயும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொலைபேசி தந்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லும் அவருடைய கூட்டாளியான பொறியாளர் கேசி பால்ட்வினும் கட்டிய எச்.டி.-4 என்ற ஹைட்ரோஃபாயில் படகு 1919-லேயே மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அசாத்தியமான வேலை. ஆனாலும் அது யாரையும் தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விடும் படகாக மாறவில்லை.

இப்போது காலம் உன் பக்கம் இருக்கிறது. 2024-இல் ஸ்டாக்ஹோமில் பேட்டரியில் ஓடும் ஹைட்ரோஃபாயில் படகு பயணிகளை ஏற்றி ஓடத் தொடங்கியது. இறக்கை மேல் ஓடும்போது பின்னால் பெரிய அலை எழாது, அதனால் கரையும் அரிக்காது. இந்த வேலையைத்தான் நீ செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை, கண்ணம்மா. ஆசைதான், கட்டளை இல்லை.

ஒன்று மட்டும் செய். முடிவு சொல்வதற்கு முன் அவர்களிடம் எடைப் பட்டியலைக் கேள். தர முடிந்தால் எனக்கும் அனுப்பு. பேட்டரியை எங்கே வைத்திருக்கிறார்கள், ஆள் இல்லாதபோதும் நிறைந்திருக்கும்போதும் புவியீர்ப்பு மையம் எவ்வளவு நகர்கிறது என்று உட்கார்ந்து பார்த்துவிடுவோம். படகு நின்றிருக்கும்போது இறக்கை எவ்வளவு ஆழம் இறங்கும், எந்தப் படகுத்துறையில் நிறுத்தப்போகிறார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா