மாப்பிள்ளையின் மீன்தொட்டிக்கு என்ன வாங்கலாம்

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ கேட்ட கேள்விக்கு வாட்ஸப்பில் இரண்டு வரி பதில் போட மனசு வரவில்லை, அதனால் உட்கார்ந்து விலாவாரியாகவே எழுதிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு மாப்பிள்ளைக்கு ஏதாவது வாங்க வேண்டும், அது அவருடைய மீன்தொட்டிக்கு உதவுகிற பொருளாக இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்கு அவ்வளவு சந்தோஷம். கொளத்தூரில் நம் மொட்டைமாடி சிமென்ட் தொட்டிகளில் கப்பியும் பைட்டரும் வளர்த்து விற்றுத்தான் உங்களைப் படிக்க வைத்தோம், அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்.

முதல் விஷயம், உயிருள்ள எதையும் வாங்காதே. கடையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அவர் தொட்டியில் ஏற்கெனவே இருக்கிற டெட்ரா மீன்களோடு ஒத்துப்போகுமா, நோய் ஏதும் கூடவே வருமா என்பதெல்லாம் வளர்க்கிறவருக்குத்தான் தெரியும், புது மீனைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் உள்ளே விடவே கூடாது. செடியும் அப்படித்தான். 2021 மார்ச்சில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைகளில் விற்ற பாசி உருண்டைகளுக்குள் ஸீப்ரா மஸல் என்கிற சின்னச் சிப்பி ஒட்டிக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்கள், தெரியுமா? ஏரிக்குள் போனால் குழாயையே அடைக்கிற ஜந்து அது. புதையல் பெட்டி, உடைந்த கப்பல் மாதிரி பொம்மைகளும் வேண்டாம். தொட்டிக்குள் என்ன வைப்பது என்பது அவருடைய ரசனை, அதில் நாம் கை வைக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு வாங்க வேண்டியது தண்ணீரைப் பார்த்துக்கொள்கிற சாமான். போன தடவை வீடியோ காலில் அவர் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் நடந்ததைப் பார்த்தேன், 150 லிட்டர் தொட்டிக்கு வாராவாரம் கால்வாசி மாற்றினாலும் கிட்டத்தட்ட 40 லிட்டர், அதை வெளியே கொண்டு போய் ஊற்றி, அதே அளவு உள்ளே தூக்கி வர வேண்டும். சிங்க் குழாயில் மாட்டுகிற நீள ஹோஸ் ஒன்று இருக்கிறது, பைத்தான் என்று ஒரு கம்பெனி போடுகிறது, குழாயைத் திறந்தால் அதுவே தொட்டித் தண்ணீரை இழுத்து சிங்க்கில் விடும், அப்புறம் வால்வைத் திருப்பினால் புதுத் தண்ணீரைத் தொட்டிக்கு அனுப்பும். என் பணம் என்றால் முதலில் இதைத்தான் வாங்குவேன். ஆனால் வாங்குமுன் உன் கிச்சன் குழாயைப் பார், முனையில் இருக்கிற சின்ன வலையைக் கழற்றினால் மரை தெரிய வேண்டும், இழுத்து நீட்டுகிற ஸ்ப்ரே வகைக் குழாயாக இருந்தால் பெரும்பாலும் மாட்ட வராது. அப்படியென்றால் பாத்ரூம் குழாயில் பார். தொட்டி வரைக்கும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துவிட்டு நீளத்தை முடிவு செய்.

இந்த ஹோஸோடு ஒரு விஷயம் சேர்ந்தே வருகிறது. இங்கே நாம் மெட்ரோ தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும், மீனை விடலாம். உங்கள் டொரான்டோவில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்து குளோரமைனாக விடுகிறார்கள், அது ஒரு ராத்திரி வைத்தால் எல்லாம் போகாது, மருந்து போட்டே ஆக வேண்டும். சீகெம் பிரைம் என்று ஒரு பாட்டில், 5 மில்லிக்கு 200 லிட்டர் தாங்கும். ஹோஸில் நேராகத் தொட்டிக்குத் தண்ணீர் விடும்போது மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போடாமல் தொட்டி முழுசுக்கும் கணக்கிட்டுப் போட வேண்டும், அவருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் பெரிய பாட்டிலாக ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடு.

அடுத்தது கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல், அப்பாவும் நானும் மாற்றி மாற்றி உள் தொட்டிகளில் மக்கில் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், காற்று கலக்க வேறு வழியில்லை. உங்கள் ஊரில் 2013 டிசம்பரில் ஐஸ் மழை பெய்து லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போய், கிறிஸ்துமஸ் அன்றும் பலருக்கு வரவில்லை. மீன் மூச்சு திணறுவது ஒரு பக்கம், ஃபில்டருக்குள் மீன் கழிவில் வருகிற அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவும் ஓட்டமில்லாத தண்ணீரில் சாகத் தொடங்கும், அதை மறுபடி வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். சுவர் பிளக்கில் செருகி வைத்தால் கரண்ட் போனதும் தானாக ஓடுகிற வகையாகப் பார்த்து வாங்கு. கூடவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வாங்கு, சில்லறைக் காசுதான், இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கித் தரையெல்லாம் கொட்டிவிடும்.

ஹீட்டருக்கு வெளியிலிருந்து காவல் வைக்கிற கன்ட்ரோலர் ஒன்றும் உண்டு, இன்க்பேர்ட் என்று பேர். ஹீட்டருக்குள் சூட்டைப் பார்த்து அணைக்கிற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அணையாமல் சூடேறிக்கொண்டே போகும், காலையில் பார்த்தால் தொட்டியே வெந்திருக்கும். இது நாம் வைத்த டிகிரி தாண்டியதும் கரண்டை வெட்டிவிடும். குளிர் நாட்டில் வருஷத்தில் பாதி நாள் ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்கு இது ரொம்ப அவசியம்.

தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட் அவரிடம் இருக்கிறதா என்று தொட்டி ஸ்டாண்டுக்குள் எட்டிப் பார். காகிதப் பட்டை டப்பா மட்டும் இருந்தால் ஏபிஐ மாஸ்டர் கிட் வாங்கலாம், சொட்டு விட்டுப் பார்க்கிறது. அதில் நைட்ரேட்டுக்கான (மீன் கழிவு கடைசியில் மாறி நிற்கிற உப்பு) இரண்டாவது பாட்டிலை முப்பது செகண்டாவது உள்ளங்கையில் தட்டித் தட்டிக் குலுக்க வேண்டும், அடியில் படிந்திருப்பது கலக்காவிட்டால் நைட்ரேட் இருக்கும்போதே இல்லை என்று காட்டும். இதை மட்டும் அவரிடம் சொல், நிறைய பேர் விட்டுவிடுவது இங்கேதான்.

செலவு கூடப் பண்ணலாம் என்றால் செடி வெட்டுகிற வளைந்த கத்தரியும் நீள இடுக்கியும் நல்ல ஸ்டீலில் வாங்கு. ஜப்பானில் தகாஷி அமானோ தொடங்கிய ஏடிஏ கம்பெனியுடையது ஏக விலை, அந்தப் பேர் இல்லாததும் போதும். கையில் குறைவாக இருந்தால் ஆர்ட்டீமியா என்கிற குட்டி இறால் வகையின் முட்டை ஒரு டப்பா, உப்புத் தண்ணீரில் காற்று விட்டால் ஒரு நாளில் ஆரஞ்சுப் பொடி மாதிரிக் குஞ்சு பொரித்துக் கிளம்பும், டெட்ராக்கள் அதைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிறதைப் பார்க்க உன் பையனுக்கும் பிடிக்கும். சாமானே வேண்டாம் என்றால் சிஎன் டவர் பக்கத்தில் ரிப்ளீஸ் அக்வேரியத்துக்கு வருஷ பாஸ் எடுத்துக்கொடு, பனியில் வெளியே போக முடியாத மாசங்களுக்கு மூன்று பேருக்கும் உதவும்.

தொட்டித் தண்ணீரில் போட இங்கிருந்து பாதாம் இலை அனுப்பட்டுமா என்று அப்பா கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், செடி, இலை எதுவானாலும் அங்கே கஸ்டம்ஸில் சொல்லியாக வேண்டும், அங்கேயே கிடைக்கும்.

அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டி, ஸ்டாண்டின் உள்பக்கம், ஹீட்டர் மேல் எழுதியிருக்கிற வாட், கிச்சன் குழாய் நாலையும் படம் எடுத்து அனுப்பு, எது இருக்கிறது எது இல்லை என்று பார்த்துச் சொல்கிறேன். ஹோஸை கிறிஸ்துமஸ் மறுநாள் வருகிற பாக்ஸிங் டே தள்ளுபடி வரை தள்ளிப்போடலாம். பம்பை மட்டும் இந்த வாரமே வாங்கி, பேட்டரி போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்து வை.

அன்புடன்,
அம்மா