சின்னம்மாவின் ஆபரேஷனுக்கு முன், தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று கேட்டாய். போனிலேயே சொல்லிவிட்டேன். நீ கேட்காத ஒன்று இருக்கிறது: ஆபரேஷன் முடிந்த இரவுகளில் சின்னம்மா பக்கத்தில் யார் இருப்பது? வயதான பெற்றோர் உள்ள மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் முதியவர்களுக்குப் புத்தி தடுமாறலாம். டெலீரியம் என்பார்கள். பகலில் தெளிவாகப் பேசியவர், விளக்கு வைக்கும் நேரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவில்லையே என்று டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார். உசிலம்பட்டியிலிருந்து வந்த சொந்தங்கள் காத்து கருப்பு என்று திருநீறு தேடுவார்கள். பூசட்டும், நர்ஸிடமும் சொல்லட்டும். தண்ணீர்ச் சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், கிருமித் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, அடங்காத வலி என்று ஏதாவது அடியில் இருக்கும். அதைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்.

கத்துகிறவரை வார்டே கவனிக்கும். சத்தமில்லாமல் சுருண்டு படுத்துத் தூங்கி வழிகிறவரைத்தான் ‘பாவம், அசதி’ என்று விட்டுவிடுகிறோம். அதுவும் இதே கோளாறாக இருக்கலாம். சின்னம்மா வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பது டாக்டருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். மாற்றம் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திராதே.

தொலைந்துவிடும் என்று கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டில் பூட்டி வைக்காதே. கண்ணும் காதும் தெளிவாக இல்லாதவர்தான் முதலில் குழம்புவார்.

சின்னம்மா சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்ட ஒரு மஞ்சள் பையில் போடு. தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாமே. எதையும் நீயாக நிறுத்தாதே. முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர் கூடக் கொடுக்காமல் போடும் பட்டினியும் வேண்டாம். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி போதும். சர்க்கரை இருப்பதால் சின்னம்மாவுக்கு எவ்வளவு என்று மயக்க மருந்து டாக்டரிடமே கேள்.

மறுநாளே எழுப்பி நடக்க விடுவார்கள். வலிக்குமே என்று குறுக்கே நிற்காதே. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். ஆட்டுக்கால் சூப் கொண்டுவரும் பெரியம்மாவிடம் முட்டையும் கொண்டுவரச் சொல். சூப்பில் புரதம் அவ்வளவாக இல்லை என்று சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாரில்லை.

இரவுக் காவலை மதினி தலையில் மட்டும் கட்டிவிடாதே. ஆபரேஷன் அன்றைக்கு விடுப்பு எடுப்பதைவிட அடுத்த மூன்று இரவுகளுக்கு எடு. செவ்வாய்க்கிழமை மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வரும்போது அந்தப் பையை மறக்காதே. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா