காப்பகத்துக்கு ஒரு சனிக்கிழமை: கல்வி அலுவலர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணியின் கடைசி ஆறு ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையை ஒட்டி, அடிபட்ட நாய்களையும் கைவிடப்பட்ட மாடுகளையும் வைத்துப் பராமரிக்கும் சிறிய காப்பகம் ஒன்று உள்ளது. சனிக்கிழமைதோறும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று வந்தேன். நான் ஓய்வு பெற்ற பின், பெற்றோர் சிலர் அஞ்சியதால் அந்தப் பழக்கம் நின்றுபோனது. அதை மீண்டும் தொடங்க உங்கள் அனுமதியையும், காப்பகத்துக்கு உங்கள் ஆதரவையும் கோரியே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு பசுவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. பசு நின்றுகொண்டே இருக்க, இடப்புற விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அதன் முதல் வயிற்றைத் திறந்து, கால்நடை மருத்துவர் முழங்கைக்கு மேல் வரை கையை உள்ளே விட்டுப் பிளாஸ்டிக் பைகளைப் பிடி பிடியாக எடுத்துப் போட்டதைப் பிள்ளைகள் வேலிக்கு இப்பால் நின்று பார்த்தார்கள். துணி துவைக்கும் பெரிய தொட்டி நிறைந்தது. அதில் கிடந்த ஒரு பையைக் காட்டி, "சார், போட்ட முடிச்சு அவிழவே இல்லையே" என்றாள் ஒரு மாணவி. மீந்த சோற்றையும் குழம்பையும் கேரி பேக்கில் கட்டித் தெருமுனையில் வீசுகிறோம். வாசனைக்கு வரும் மாடு பையோடு விழுங்குகிறது. அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்திருந்தும் மாடு எலும்பும் தோலுமாகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை உள்ளது; காலை வணக்கக் கூட்டத்தில் அதற்கான உறுதிமொழியை நானே பலமுறை வாசித்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்த மாணவி, தன் வீட்டுப் பின்கட்டில் கழுநீர்ப் பானை ஒன்றை வைத்துவிட்டதாகவும், எதிர்வீட்டு மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போவதாகவும் சொன்னாள். உறுதிமொழி வாசித்த எனக்கு அந்தப் பானை தோன்றவில்லை.

நீதிபோதனைக்கென்று பாட அட்டவணையில் ஒரு பாடவேளை உண்டு என்பதும், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டுவிடுவார் என்பதும் நாம் எல்லோரும் அறிந்தவை. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பற்றி முழு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, வாசலில் படுத்திருக்கும் நாயின் மீது கல்லெறிந்து செல்லும் பிள்ளையைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை; அவனுக்கு நாம் கொடுத்தது பாடம் மட்டுமே, வேலை அல்ல. காப்பகத்தில் இருப்பது வேலை. தட்டுகளைத் தேய்ப்பது, மருந்துப் பதிவேட்டை எழுதுவது, லாரி ஏறி இடுப்புக்குக் கீழ் செயலிழந்த நாயின் அடியில் நனைந்த சாக்கை மாற்றுவது. தீபாவளிக்கு நாயின் வாலில் சரவெடி கட்டியவன் என்று பெயரெடுத்த ஒரு மாணவனுக்கு இந்தச் சாக்கு வேலையைக் கொடுத்தேன். அவன் திருந்திவிட்டான் என்று கதை சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் தேர்வுக்காக ஒரு வாரம் விடுப்புக் கேட்டு வந்தவன், தனக்குப் பதிலாகச் சாக்கு மாற்ற ஒப்புக்கொண்ட மாணவனின் பெயரையும் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தான்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். உயிர்களிடத்தில் பரிவு காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று 1976-ல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு கூறுகிறது. நடைமுறையிலோ, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு விதிக்கப்படும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு தேநீரும் வடையும் வாங்கும் தொகையை வைத்துக்கொண்டு யாரையும் அச்சுறுத்த முடியாது. சட்டம் செய்யாததைப் பழக்கம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

பெற்றோரின் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால்தான், புதிதாக வந்த விலங்குகள் தனிக் கூண்டில் கண்காணிப்பில் இருக்கும் பகுதிக்கு மாணவர்கள் செல்லவே கூடாது என்பதும், தடுப்பூசி போடப்பட்டுப் பழகிய விலங்குகளுடன் மட்டும் பணியாளர் முன்னிலையில் இருக்க வேண்டும் என்பதும் எங்கள் விதியாக இருந்தன. கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைகள் அங்குதான் கற்றார்கள். கற்றதை வீட்டிலும் சொன்னார்கள்.

கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்றவற்றின் வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பிடங்களில் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று ஆணையிட்டது. அந்த ஆணையின் சரி தவறு பற்றி இங்கே வாதிடவில்லை. நம் வளாகத்து நாய்களை ஏற்றுக்கொள்ளும்படி இத்தகைய இடங்களைக் கேட்கப்போகும் நாம், தவிட்டுக்கும் தடுப்பூசிக்கும் ஆம்புலன்ஸ் டீசலுக்கும் அவை யாரிடம் கையேந்துகின்றன என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆகவே, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமைக் காப்பகத்தில் நடத்தவும், விருப்பமுள்ள மாணவர்கள் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் மாதம் இரு சனிக்கிழமைகள் அங்கே பணி செய்யவும் சுற்றறிக்கை வழியாக அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சத்துணவுக் கூடத்தில் மிஞ்சும் காய்கறித் தோலையும் அரிசி கழுவிய நீரையும் நாள்தோறும் காப்பகத்துக்கு அனுப்பப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் தீர்மானம் இயற்றலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, மூடியுள்ள இரண்டு வாளிகள் போதும்.

முடிவெடுக்கும் முன் நேரில் பார்க்க விரும்புவோர், எந்தச் சனிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு வரலாம். வாயிலில் நான் இருப்பேன். பழைய உடையில் வருவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்