"சேதம் விளைவித்த கலத்தின் பெயர்": ஒரு திறந்த மடல்

திருகோணமலைக் கடலின் பாதுகாப்புக்கும் மீன்பிடிக்கும் பொறுப்பாக இருக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் சித்தப்பாவின் வழிச்சல் வலையை, நீரோட்டத்தோடு மிதக்க விடும் வலையை, இரவில் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போன விஷயம் உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை அலுவலகத்துக்கு வந்து சொல்லிவிட்டோம். அதனால் அதை முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. இழப்பீட்டுக்கென்று தந்த படிவத்தின் ஆறாவது கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். "சேதம் விளைவித்த கலத்தின் பெயரும் இலக்கமும்" என்று அதில் கேட்டிருக்கிறது.

சித்தப்பா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். படிவத்தை நிரப்பியவள் நான். ஆறாவது கேள்வியை வாசித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இரா ரெண்டு மணிக்குத் தண்ணிக்குக் கீழ போனதுக்கு நான் எப்படிப் பிள்ளை பேர் சொல்றது?" என்றார்.

அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாக மட்டும் சொல்கிறேன். வலை விட்டு, தலைக்கயிற்றைப் படகின் முன்பக்கமான அணியத்தில் கட்டிவிட்டுச் சித்தப்பாவும் தம்பியும் சாய்ந்திருக்கிறார்கள். காற்றில்லை. திடீரென்று கயிறு முறுகி, அணியம் தண்ணீருக்குள் குத்த, படகு நீரோட்டத்துக்கு எதிரே ஓடத் தொடங்கியிருக்கிறது. சுற்றிலும் ஒரு வெளிச்சம் கிடையாது, எஞ்சின் சத்தமும் இல்லை. தம்பி கயிற்றைத் தளர்த்தப் போய் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. சித்தப்பா கத்தியால் கயிற்றை அறுத்தார். விடிந்த பிறகு தேடியதில் கிடைத்தது இரண்டு மிதப்பும் ஒரு கொடிக்கம்பும்தான். அறுத்த கயிற்றின் துண்டு இப்போதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. வலை வாங்கச் சித்தியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அது இன்னும் திரும்பவில்லை.

அந்தப் பகுதியில் அன்று கடற்படைப் பயிற்சி இருந்தது என்ற அறிவித்தல் மீனவர் சங்கத்துக்கு வந்தது மூன்றாம் நாள். அதுவும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்.

எங்கள் வலையை இழுத்தது நீர்மூழ்கிதான் என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் படிவம் செல்லாது என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

2015 ஏப்ரலில் வட அயர்லாந்துக் கரைக்கு அப்பால் 'கேரன்' என்ற மீன்பிடிப் படகின் வலையை ஏதோ ஒன்று பிடித்து, படகைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நான்கு பேர் இருந்தார்கள், உயிர் தப்பினார்கள். ரஷ்யாவின் நீர்மூழ்கியாக இருக்கும் என்றுதான் முதலில் பேச்சு. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு, அது தங்களுடைய நீர்மூழ்கிதான் என்று ஒப்புக்கொண்டது செப்டெம்பரில். ஐந்து மாதம்! பிரித்தானியாவிடம் இருப்பவை எல்லாம் அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகள். ஓட்டியவர்களின் அரசாங்கமே ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்தது என்றால், இருட்டில் ஃபைபர் படகில் இருந்த மனிதர் பெயரை எப்படி எழுதுவார்?

கேரனில் இருந்தவர்கள் தப்பினார்கள். 1990 நவம்பர் 22 அன்று ஸ்கொட்லாந்தின் அரன் தீவுக்கு அருகே 'அன்டாரஸ்' என்ற படகில் இருந்த நால்வரும் தப்பவில்லை. பயிற்சியில் இருந்த 'ட்ரெஞ்சன்ட்' என்ற அணுசக்தி நீர்மூழ்கி வலையில் சிக்கிப் படகையே கீழே இழுத்துவிட்டது. அந்த விபத்துக்குப் பிறகுதான், நீர்மூழ்கிகள் எந்தப் பகுதியில் முழுகியிருக்கும் என்று மீனவர்களுக்கு வானொலியில் முன்கூட்டியே சொல்லும் முறையை அங்கே ஏற்படுத்தினார்கள். அதற்கு 'சப்ஃபேக்ட்ஸ்' என்று பெயர். எங்கே என்று சொன்னால் மீனவனுக்குப் போதும், அவன் வலையை வேறு பக்கம் விடுவான். இராணுவ இரகசியம் எதுவும் கெட்டுப்போவதில்லை.

நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்.

எங்கள் கடலுக்கு நீர்மூழ்கி புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் மலாக்கா நீரிணைக்குப் போய்வந்தன. ஆனால் அந்தக் காலத்து நீர்மூழ்கி டீசலில் ஓடியது. பற்றரிக்கு மின்னேற்ற எஞ்சினை ஓட்ட வேண்டும், எஞ்சினுக்குக் காற்று வேண்டும், அதனால் இரவிலாவது மேலே வந்தாக வேண்டும். 1954இல் அமெரிக்கா 'நோட்டிலஸ்' நீர்மூழ்கியைக் கடலில் இறக்கியதோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. அணு உலைக்குக் காற்றே தேவையில்லை. 1958 ஆகஸ்டில் அது வடதுருவத்துப் பனிக்கட்டிக்கு அடியாலேயே போனது. இப்போதுள்ளவை மாதக்கணக்கில் மேலே வராமல் இருக்கும். சாப்பாடு தீர்வதுதான் அவற்றுக்கு எல்லை. எங்களுக்கு வடக்கே, வங்காள விரிகுடாக் கரையிலுள்ள விசாகப்பட்டினத்தில் இந்தியா தானே கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கி 'அரிஹந்த்'தை 2009இல் கடலில் இறக்கியது. இரண்டாவதான 'அரிகாட்' 2024 ஆகஸ்டில் சேவைக்கு வந்தது. எங்கள் துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள் வந்து முடிகிற கடலடிப் பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழமென்று எங்களைவிட உங்களுக்குத் தெரியும். இப்படியான கடலில், மேலே எதையும் காணோம் என்பது கீழேயும் எதுவும் இல்லை என்பதற்குச் சாட்சியாகுமா?

நீர்மூழ்கி ஆழத்தில் இருக்கும்போது மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2001 பெப்ரவரி 9 அன்று ஹவாய்க்கு அருகே 'கிரீன்வில்' என்ற அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி, விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காக ஒரேயடியாக மேலே எழும்பியது. அதன் மேலே யப்பானிய மீன்பிடிப் பள்ளிக்கூடத்தின் பயிற்சிக் கப்பல் 'எஹிமே மாரு'. ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் நான்கு பேர் மாணவர்கள். மீன்பிடி படிக்க வந்த பிள்ளைகள். நான் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள். அதைப் படித்த அன்று என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பையன்களைப் பார்க்க முடியவில்லை. பாதிப் பேர் சனி ஞாயிறுகளில் அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள்.

பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2024 நவம்பரில் கோவாவுக்கு அப்பால் இந்தியக் கடற்படையின் டீசல் நீர்மூழ்கி ஒன்றோடு மீன்பிடிப் படகு மோதி, இருந்த 13 பேரில் இரண்டு பேர் இறந்தார்கள்.

1971இல் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முன்னின்று கேட்டது எங்கள் நாடு. டிசெம்பர் 16 அன்று தீர்மானமும் நிறைவேறியது. அதை இன்றும் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறேன். 1987 இலங்கை-இந்திய உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தைப் பெயர் சொல்லியே எழுதினார்கள். எத்தனை தலைநகரங்களில் எங்கள் ஊரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்! அதில் ஒரு தடவையாவது திருக்கடலூரிலோ சல்லியிலோ மூதூரிலோ வலை விடுகிறவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. கடலை மூடுகிற ஒரு தாள் இன்னும் தமிழில் வரவில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. ஆத்திரத்தில்தான்.

சரி. நான் சண்டைக்கு எழுதவில்லை. உங்கள் அலுவலகத்தில் இருக்கும் தம்பிமார் எங்களோடு மரியாதையாகத்தான் பேசினார்கள். கேள்வியை எழுதியவர்கள் அவர்கள் இல்லை என்பதும் தெரியும்.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். பயிற்சி நடக்கும் பகுதியையும் நேரத்தையும் மூன்று நாளைக்கு முன் தமிழிலும் எழுதிச் சங்கங்களுக்கு அனுப்புங்கள். அன்று மாலையில் வானொலியிலும் ஒரு தடவை சொல்லுங்கள். எந்தக் கப்பல், யாருடைய கப்பல், அணுசக்தியா டீசலா என்று பயிற்சிக்கு முன் நாங்கள் கேட்க மாட்டோம். ஆனால் வலை போன பிறகு கலத்தின் பெயரை எங்களிடம் கேட்காதீர்கள். நாள், நேரம், ஜிபிஎஸ் காட்டிய இடம் மூன்றையும் தருகிறோம். அந்த நேரம் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்க்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

திங்கட்கிழமை சித்தப்பாவும் நானும் நான்காவது தடவையாக வருகிறோம். ஆறாவது கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருக்கடலூரிலிருந்து ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்