குறிகட்டுவானில் சின்னப் பிள்ளைகளுக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும்

ஆசிரியருக்கு,

சித்திரை விடுமுறையில் லண்டனிலிருந்து வந்த மச்சாள் குடும்பத்தோடு நெடுந்தீவுக்குப் போய்வந்தோம். என் மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு நாலு, மச்சாளின் மகனுக்கு ஐந்து. சின்னப் பிள்ளைகளோடு போகத் தோதான தீவு அது. பெருக்கமரத்துப் பொந்துக்குள் புகுந்தவர்களை வெளியே எடுக்கக் கெஞ்ச வேண்டியிருந்தது. வெட்டையில் குதிரைகள் மேய்வதைக் கண்டதும் ஓட்டோக்காரத் தம்பி தானாகவே நிறுத்தினார், "கிட்டப் போகாதேங்கோ, உதைக்கும்" என்று சொல்லிக்கொண்டே. சீமெந்து பூசாத முருகைக்கல் வேலி எப்படி விழாமல் நிற்கிறது என்று மூத்தவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போகிறவர்கள் குடிதண்ணீரை மட்டும் கையோடு கொண்டுபோங்கள், அங்கே உவர்க்கிணறுகள்தான் அதிகம்.

நான் எழுத வந்தது படகைப் பற்றி. தீவுகளுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் துறையில் ஏறும்போது உயிர்காப்பு அங்கி போடச் சொன்னார்கள். நல்ல விஷயம். ஆனால் இருந்ததெல்லாம் பெரியவர்களின் அளவு. இளையவளுக்கு ஒன்றைப் போட்டு வார்களை இழுத்துக் கட்டினேன், பிறகும் தொளதொள என்று கிடந்தது. கையைத் தூக்கச் சொன்னால் அங்கி காதுக்கு மேலே எழும்புகிறது, முகம் உள்ளே போய்விடுகிறது. தண்ணீரில் விழுந்தாலும் இதுதான் நடக்கும். அங்கி மிதக்கும், பிள்ளை கீழால் நழுவிவிடும். சிறுவர் அங்கியில் கால்களுக்கு இடையால் போகும் வார் ஒன்றும், தலையை நீருக்கு மேலே தாங்கும் கழுத்துப் பட்டியும் இருக்கும். வயதைவிட நிறையைப் பார்த்தே அதைத் தெரிவு செய்ய வேண்டும். மச்சாள் காற்றடிக்கும் கைப்பட்டிகள் கொண்டுவந்திருந்தா. நீச்சல் தடாகத்தில் விளையாட அவை சரி, கடலுக்கு உதவாது.

படகில் நின்றவரிடம் கேட்டேன். "சின்னன் இல்லை அக்கா, பிள்ளையை மடியில வச்சிருங்கோ" என்றார். அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. அங்கி வாங்கிப் போடுவது அவர் கையில் இல்லையே. நெடுந்தீவு போய்ச் சேரும்வரை மடியில்தான் வைத்திருந்தேன்.

இது சுற்றுலாக்காரரின் தலையிடி என்று தள்ளிவிட வேண்டாம். திரும்பும்போது பக்கத்தில் இருந்த நெடுந்தீவுத் தாய், மறுநாள் கிளினிக்குக்காகக் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்தா. எங்களுக்கு அது விடுமுறைப் பயணம், அவவுக்கு அந்தப் படகுதான் பஸ். நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்தில் இதே துறையில் எத்தனை குழந்தைகள் தோளிலும் இடுப்பிலும் ஏறி நிற்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும்.

செலவுக்கு யோசிக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு படகும் தனித்தனியாக வாங்கத் தேவையில்லை. குறிகட்டுவானில் ஒரு பெட்டி, நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அளவுகளில் சிறுவர் அங்கிகள் போதும். இந்தக் கரையில் வாங்குவதை அந்தக் கரையில் கொடுத்துவிட்டுப் போகலாம். திரும்பி வராமல் போய்விடும் என்று பயமிருந்தால் முற்பணம் வாங்கட்டும். பிரதேச சபைகளும் படகு உரிமையாளர்களும் கடற்படையும் ஒருநாள் கூடிக் கதைத்தால் முடிகிற அலுவல் இது. கோபுரத்துக்கு வர்ணம் பூசக் காசு அனுப்பும் வெளிநாட்டு ஊர்ச் சங்கங்களிடம் கேட்டாலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள். மச்சாள் தன் பங்கைத் தருவதாக இப்போதே சொல்லிவிட்டா, யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

சோளகக் காற்றுத் தொடங்கினால் கடல் எழும்பிவிடும். அப்புறம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற குடும்பங்கள் பிள்ளைகளோடு தீவுகளுக்குப் படையெடுக்கும். அதற்குள் குறிகட்டுவானில் முதல் பெட்டியையாவது வையுங்கள்.

ஒரு தாய்,
கொண்டாவில்.